ஒற்றை நட்சத்திரத் தோணிக்காரன்

அந்தச் சண்டை விளையாட்டில் ஆளைத் தேர்ந்தெடுக்கும் திரை வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வேன். கறுப்புத் திரையில் வரிசையாக முகங்கள் தோன்றும். வாள் வைத்திருப்பவன், நெருப்பைத் துப்புகிறவன், சிறகு முளைத்த ஒரு பெண், இரும்புக் கையுள்ள ஒரு கிழவன். மஞ்சள் கட்டத்தை ஒரு முகத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஆள் முழு உருவமாக எழுந்து நின்று நம்மைப் பார்ப்பான். அத்தனை வீரர்களும் என் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வேறு யாரும் எதற்காகவும் எனக்காகக் காத்திருந்த நினைவில்லை.

எங்கள் வீடு திருவனந்தபுரம் ஆரியசாலையில் இருந்தது. கீழே அப்பாவின் மொத்த வியாபாரக் கடை, மாடியில் நாங்கள். மிளகாய் வற்றலும் மல்லியும் மூட்டைமூட்டையாக வந்து இறங்கும். மூட்டை பிரிக்கிற நாட்களில் நெடி படியேறி வந்துவிடும். சண்டையின் நடுவே தும்மல் வந்தால் தோல்வி நிச்சயம். விளையாட்டுப் பெட்டி மாமாவுடையது. அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டில் தங்கித்தான் கல்லூரியில் படித்தார். வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது பெட்டியையும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். கரமனையில் ஒரு கேம் சென்டர் இருந்ததாம். அங்கே மாமா விளையாட உட்கார்ந்தால் பார்க்க வந்தவர்கள் படிக்கட்டு வரை நிற்பார்களாம். இதை அப்பா சொல்லும்போது பெருமையும் புகாரும் சம அளவில் இருக்கும்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு ஆளின் பெயருக்குக் கீழும் நட்சத்திரங்கள் போட்டிருக்கும். மாமா எப்போதும் எடுத்த முகமூடிக்காரிக்கு ஐந்து. தோணிக்காரன் என்று நான் பெயர் வைத்திருந்த ஆளுக்கு ஒன்றே ஒன்று. ஒற்றை நட்சத்திரம் என்றால் ஆடுவதற்கு எளிது, புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்றவன் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. தோணிக்காரன் பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கியவன் என்று நினைத்து, பாவப்பட்டுத்தான் முதன்முதலில் அவனை எடுத்தேன். அகன்ற தோள், சின்னத் தொப்பை, கையில் ஒரு நீளமான துடுப்பு. அவன் பறக்க மாட்டான். அவனிடமிருந்து நெருப்பும் வராது. பொத்தானை அழுத்தினால் துடுப்பை நீட்டி ஓர் இடி இடிப்பான், அவ்வளவுதான். ஆனால் துடுப்பு நீளம் என்பதால், கண்டபடி அழுத்தினாலும் எதிரி மேல் எப்படியாவது பட்டுவிடும். நாங்கள் நல்ல ஜோடியாகிவிட்டோம்.

அந்த வருடம் மழை தொடங்கிய சமயத்தில் மாமா திரும்பி வந்தார். பைக்கில் போகும்போது லாரி இடித்து, வலது கை நசுங்கிப்போயிருந்தது. எலும்பு கூடிவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். உள் அறையில் படுத்துக்கொண்டார், கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. கடையிலிருந்து தெருக்கோடி வரை கேட்கும்படி போனில் பேசுகிற அப்பா, மாடிக்கு வந்தால் குரலைத் தணித்தார். "மாமாவ தொந்தரவு பண்ணப்பிடாது, கேட்டியா" என்று அம்மா ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொன்னாள்.

எனக்கு இருந்த கஷ்டம் வேறு. வீட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக் இருந்தது, இரண்டாவது ஆள் இல்லை. எந்திரத்தோடேயே எத்தனை நாள் சண்டை போடுவது? ஒருநாள் மத்தியானம் அம்மா கீழே கடையில் இருந்த நேரம் பார்த்து, கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். மாமா வெளியே வந்தார். டிவி முன்னால் கிடந்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மஞ்சள் கட்டத்தை நேராக முகமூடிக்காரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தினார். நான் கேள்விப்பட்ட கதைகளெல்லாம் இப்போது கண் முன்னால் நடக்கப்போகின்றன என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. முகமூடிக்காரி குதிக்க எழும்பினாள், பாதியில் மறந்துபோனவள் போல இறங்கினாள். சுழல வேண்டிய இடத்தில் வெறுமனே நின்றாள். என் துடுப்பு அவளைப் போட்டு இடித்துக்கொண்டே இருந்தது. மாமாவின் கட்டைவிரல் பொத்தான்களுக்கு மேலே போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் ஜெயித்தேன். கட்டிலின் மேல் ஏறிக் குதித்தேன்.

"மாமா தோத்தாச்சு! மாமா தோத்தாச்சு!"

மாமா ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. என் சத்தத்தைக் கேட்டு மேலே வந்த அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "செத்த வாய மூடிட்டு இருந்தா என்னட்டீ?" என்றாள். ஜெயித்தவளுக்குக் கிள்ளு கிடைப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

அன்று முழுக்க யோசித்தேன். மாமாவின் தவறு எங்கே என்று கடைசியில் பிடிபட்டுவிட்டது. தப்பான ஆளை எடுத்துவிட்டார். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் பையைக் கூட இறக்காமல் அவர் அறைக்கதவின் முன்னால் நின்றேன்.

"மாமா, நீங்க அந்த முகமூடிக்காரிய விட்டுருங்க. ஒங்களுக்கு அவ சரிவர மாட்டா. தோணிக்காரன எடுங்க. எளுப்பமாட்டு இருக்கும். எனக்கே வருது."

உள்ளேயிருந்து மாமாவின் குரல் வந்தது; என்னை அவர் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். "அவன் குட்டிப் பிள்ளைகளுக்கு உள்ளவன்லா மக்களே?"

"பரவால்ல மாமா. நாம கதவ சாத்திக்கிடுவோம். யாரும் பாக்க மாட்டாங்க."

அந்த அறைக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. அவர் ஊருக்கு வந்தபின் நான் கேட்ட முதல் சிரிப்பு. கதவு திறந்தது.

தோணிக்காரனை அவருக்கு விட்டுக்கொடுத்து நான் சிறகுக்காரியை எடுத்துக்கொண்டேன். மாமா ஜாய்ஸ்டிக்கை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார். இடது கட்டைவிரல் வழக்கமான இடத்தில். வலது கையில் நடுவிரலை மட்டும் நீட்டி, பியானோக் கட்டையைத் தொடுகிறவர் போல ஒரே ஒரு பொத்தானின் மேல் வைத்தார். முதல் நாள் நான்தான் ஜெயித்தேன், இரண்டாம் நாளும். இந்த முறை குதிக்காமல் கத்தாமல் ஜெயித்தேன், கிள்ளு வாங்கிய தொடையை நினைத்து. அதன் பிறகு ஜெயித்ததாக நினைவில்லை.

என் கையில் இருந்தபோது தோணிக்காரன் துடுப்பைச் சுழற்றிக்கொண்டே இருப்பான். மாமாவின் கையில் அவன் நடந்தான். ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால். நான் பாய்ந்து அடிப்பேன், என் அடி அவன் மூக்கின் முன்னால் காற்றில் போகும். அப்போது துடுப்பு நீளும், ஒரே ஓர் இடி. மறுபடியும் நடை. தொப்பையும் தோளுமாக இத்தனை நாள் நான் பரிதாபப்பட்ட அந்த ஆள், ஆற்றின் ஆழம் தெரிந்தவன் போல அத்தனை நிதானமாக நடந்தான். சில சமயம் நான் ஆடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"நீங்க ஏன் மாமா அடிக்கவே மாட்டேங்கியோ?"

"கை சுணங்கும்லா. அதான் நீ வரட்டும்னு நிக்கேன்" என்றார்.

ஓண விடுமுறைக்கு அந்தக் கரமனை கேம் சென்டரில் போட்டி வைத்தார்கள். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து, போயே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்பாவுக்குக் கடையை விட்டு நகர முடியாத சீசன். அம்மா, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, மாமாவிடம் "நீ கூட்டிட்டுப் போறியாடே?" என்றாள். "இவ ஆடட்டும். நான் பாத்துட்டு இருக்கேன்" என்று மாமா சட்டையை மாட்டிக்கொண்டார்.

பேக்கரிக்கு மேலே ஒரு நீண்ட கூடம். புழுக்கமும் முட்டை பப்ஸ் வாசனையும். உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்த சேட்டன் எழுந்தே விட்டார். "எடா! எத்தற வருஷமாயி!" என்று மாமாவைக் கட்டிப்பிடித்தவர், வலது கையைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். நீ ஆடப்போவதில்லையே என்று மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மாமாவும் ஆடும். நல்லா ஆடும். நான்தான் ஆள் எடுத்துக் குடுத்தது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கோபமா பயமா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சேட்டனிடம், "சரி, பேரு எழுதிக்கோ" என்றார்.

நான் முதல் சுற்றிலேயே வெளியேறினேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைப் புரட்டி எடுத்துவிட்டான். மாமாவின் முறை வந்தது. பழைய கதை தெரிந்தவர்கள் நெருங்கி வந்து நின்றார்கள். திரையில் முகங்கள் வந்தன. மஞ்சள் கட்டம் முகமூடிக்காரியின் பக்கத்தில் போனது, அவளைக் கடந்தது, கீழே இறங்கியது, தோணிக்காரன் மேல் நின்றது. பின்னாலிருந்து யாரோ, "ஐயே, இது குட்டிகளுக்குள்ள ஆளல்லே?" என்று சிரித்தார்கள். மாமாவின் காது மடல் சிவந்தது. ஜாய்ஸ்டிக்கை முழங்காலில் வைத்து, நடுவிரலை நீட்டினார். சிரிப்பு சட்டென்று நின்றது.

அந்தக் கூடம் மெல்லமெல்ல அமைதியானதை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது. நெருப்பைத் துப்புகிறவன் வந்தான், துப்பிய நெருப்பெல்லாம் தீர்ந்து விழுந்தான். வாள்காரன் வந்தான், அவன் வாள் ஒரு விரற்கடை தள்ளித் தள்ளியே போனது. மற்ற மேசைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தார்கள். பப்ஸ் கடித்த பையன் ஒருவன் மெல்லுவதை மறந்து நின்றான். கூட்டம் படிக்கட்டு வரை போயிருந்தது. அத்தனை பேர் மூச்சடக்கிப் பார்த்தது என் தோணிக்காரனை. கோயில் நடை திறக்கும்போது ஏற்படும் ஒரு நடுக்கம் எனக்குள் ஓடியது.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்து உட்கார்ந்தான். இப்போது அந்த இடத்தில் அவன்தான் பெரிய ஆள் என்று பேசிக்கொண்டார்கள். அவன் முகமூடிக்காரியை எடுத்தான். மாமா ஆடிய காலத்தில் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போதுதான் பார்த்தேன். சுழன்றாள், மறைந்தாள், தலைக்கு மேலிருந்து இறங்கினாள். மாமா அவளைப் பார்த்துக்கொண்டே ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால் நடந்தார். அவள் எங்கே வந்து இறங்குவாள் என்று அவருக்கு அவளுக்கும் முன்னாலேயே தெரிந்திருந்தது. துடுப்பு போய் அங்கே காத்திருந்தது. முதல் சுற்று மாமாவுக்கு. இரண்டாவது அவனுக்கு.

மூன்றாவதில் இருவருக்கும் உயிர் நூலளவு மிச்சம். முகமூடிக்காரி பாய்ந்தாள், அவள் அடி காற்றில் போனது. இடிக்க வேண்டிய அந்தக் கணத்தில் மாமாவின் விரல் பொத்தானிலிருந்து வழுக்கியது. துடுப்பு தாமதமாக நீண்டது. தோணிக்காரன் மல்லாந்து விழுந்தான்.

யாரும் கத்தவில்லை. ஜெயித்த பையன் எழுந்து, கைகளைத் தூக்காமல், மாமாவைப் பார்த்து "சேட்டா..." என்று மட்டும் சொல்லி நின்றான். அதற்குப் பிறகுதான் கூடமே அதிர்ந்தது. சேட்டன் கல்லாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். மாமா கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தார். தோற்றவர் ஏன் இப்படிச் சிரிக்கிறார் என்று எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது.

பஸ்ஸில் கிழக்கேகோட்டையில் வந்து இறங்கியதும் பசிக்கிறது என்று ஒரு ஹோட்டலுக்குள் கூட்டிப்போனார். மசால் தோசை வந்தது. வீட்டில் அவர் இடது கையால், ஸ்பூனில் சாப்பிடுவார். அதுவும் அறைக்குள், அம்மா தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தபிறகு. இங்கே ஸ்பூன் கேட்கவில்லை. வலது கையைக் கழுவிவிட்டு வந்து தோசையில் வைத்தார். பிய்க்க வரவில்லை. மறுபடி வைத்தார். பிய்ந்த துண்டு சட்னியில் விழுந்தது, சட்னியோடு எடுத்த துண்டு சட்டையில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் பார்த்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. நான் என் தோசையைத் தின்று முடித்து, தண்ணீரும் குடித்து, கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவியில் கார்ட்டூன் தொடங்கியிருக்கும்.

"சீக்கிரம் மாமா!"

"இன்னும் கொஞ்சந்தான் இருக்கு மக்களே" என்றார். கடைசித் துண்டு வரை அவர் அவசரப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா குளிக்கப் போனார். நான் சமையலறையில் அம்மாவிடம் போட்டியை முழுதாகச் சொன்னேன். நெருப்புக்காரன், வாள்காரன், நூலளவு உயிர், வழுக்கிய விரல். அம்மா ம் கொட்டிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள். இவ்வளவு நேரம் ஏன் ஆனது என்று கேட்டாள்.

"மாமாதாம்மா. ஒரு தோசைய இவ்வளவு நேரமாட்டு தின்னுது. கையாலயே தின்னுது. சட்டையெல்லாம் சட்னி."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "எந்தக் கையாலடீ?"

"சோத்துக் கையாலதான்."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். குழாய் திறந்தபடி ஓடியது, அடியில் பாத்திரம் இல்லை. அவள் தோள் குலுங்கியது. மாமா தோற்றுப்போனதை நான் இத்தனை விவரமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதம்மா. மாமா ரெண்டாவதுதானே வந்திருக்கு. கடைசியாட்டு வந்தது நான்லா?"