லொக்கர் கதவில் ஒரு தாடிக்காரர்

கனடாவில், ரெக்ஸ்டேலில் நான் வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலையில், சுப்பவைசரின் லொக்கர் கதவின் உட்புறத்தில் ஒரு தாடிக்காரரின் படம் ஒட்டியிருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. குரோஷியாக்காரரான அந்தச் சுப்பவைசர் படத்துக்கு முன்னால் பேசாமல் நிற்பதை ஒருநாள் கண்டேன். தகப்பனின் திவசமாக்கும் என்று நானே முடிவுகட்டி, மறுநாள் ஒரு செவ்வந்திப் பூவைக் கொண்டுபோய், லொக்கர் திறந்திருந்த நேரம் பார்த்துப் படத்தில் செருகிவிட்டேன். எங்கள் வீடுகளில் செத்தவர் படத்தைப் பூவில்லாமல் விடமாட்டோம்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். “உது என்ர அப்பா இல்லை. எங்கட நாட்டுக் கவிஞர். செத்து நூறு வருசமாச்சு.” நாங்கள் பேசியது உடைந்த ஆங்கிலம்தான். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கிறது.

பிறகு மதிய இடைவேளைகளில் அந்தக் கவிஞரின் கதையைச் சொன்னார். வயல் செய்யும் கமக்கார வீட்டுப் பிள்ளை. இளவயதிலேயே காவியம் எழுதிப் புகழ்பெற்றவர். அரசியலுக்குப் போய் நாட்டின் ஆட்சித் தலைவராகவே ஆனார். பள்ளிக்கூடங்களையும் நீதிமன்றங்களையும் சீர்திருத்தினார். ஆனால் பதவிக்குப் போனபின் கவிதையை விட்டுவிட்டாராம்.

“நாட்டுக்குச் சட்டம் தேவைப்பட்டுது, எழுதினார். அது காணும், வேறென்ன வேணும்?” என்றார் சுப்பவைசர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் நானும் கவிதை எழுதியவள். கனடா வந்தபின் ஒரு வரி எழுதவில்லை.

“ரெண்டையும் செய்திருக்கலாம்.”

“ஏலாது. நானும் எழுதினனான். சுப்பவைசரான பிறகு விட்டிட்டன்.”

அன்று வேலை முடிந்ததும் ஒரு கொப்பி வாங்கினேன். தினமும் இடைவேளையில் பத்து நிமிடம் எழுதினேன். மாவு படிந்த கையால் எழுதிய வரிகளில் பாதி உருப்படாதவை. “உந்தக் கொப்பியோட மல்லுக்கட்டுற நேரம் கொஞ்சம் ஆறி இருக்கலாமே?” என்றார் என் கணவர். “இருக்கமாட்டன்” என்றேன்.

சில வருடங்களில் சுப்பவைசர் ஓய்வுபெற்றார். அந்த வேலையை எனக்குத் தர முன்வந்தார்கள். பிள்ளைகள் வளர்கிற நேரம், மறுக்க முடியாது. ஏற்றால் என் எழுத்தும் போய்விடுமோ என்று பயந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தபோது, லொக்கரைக் காலிசெய்துகொண்டிருந்த சுப்பவைசர் படத்தைக் கிழியாமல் உரித்தெடுத்து நீட்டினார்.

“நீர் வைச்சிரும். இவரைக் காணேக்கை உமக்குக் கோவம் வரும். அது உமக்குத் தேவைப்படும்.”

படம் இப்போது ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டில், என் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் இருக்கிறது. சுப்பவைசர் காலமாகிவிட்டார். அவருடைய படம் ஒன்றும் என்னிடம் இல்லை. அதனால் அவர் இறந்த நாளில் தாடிக்காரருக்குத்தான் செவ்வந்தி செருகுகிறேன். செருகிவிட்டு அவரை ஒருதரம் முறைப்பேன். பிறகு கொப்பியை எடுப்பேன். இது பத்தொன்பதாவது கொப்பி.