சிவக்காத தகடு

போன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூட்டர் மட்கார்டு மாற்ற சண்முகையாவின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காடு தொடங்குகிற இடம். எனக்கு முன்னால் ஒரு வேன் நின்றது. அதன் அலுமினியப் பக்கத்தில் வானம் மொத்தமும் இறங்கியிருந்தது... ஜன்னலுக்கு அடியில் மேகம் நகர்ந்தது. வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். முழித்துக்கொண்டே தூங்குகிற வியாதி என்பார் என் மனைவி.

கழுகுமலையிலிருந்து தீப்பெட்டி ஆலைக்குப் பெண்களை ஏற்றி வரும் வேன் அது. வாசலோரக் கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் தகடு, வெல்டிங் வைத்தும் இரண்டாவது முறையாகப் பெயர்ந்துவிட்டது. அதில் வேலைக்குப் போய்வரும் கோமதி இறங்கி நின்று, குரலை உயர்த்தாமல் சண்முகையாவிடம் சொன்னார்:

"வாச சீட்டு எனக்கு, அண்ணாச்சி. அந்தக் கம்பியில சாஞ்சுதான் காலையில செத்த நேரம் கண்ண மூடுவேன். இன்னைக்குக் கம்பியோட நானும் வெளிய போயிருப்பேன். இனி எங்கன தூங்க?"

பிளக் வெல்டிங் என்பது வேறொன்றுமில்லை. மேல் தகட்டில் ஓட்டை போட்டு, அதன் வழியாக அடியில் இருக்கும் சட்டத்தோடு உருக்கி அடைப்பது. சண்முகையா வைத்திருந்தது பார்க்க வெள்ளிப் பொட்டு மாதிரி இருந்தது. ஆனால் மேல் தகடுதான் உருகியிருக்கிறது. தடித்த சட்டம் சூடேறவே இல்லை. அப்புறம் எப்படிப் பிடிக்கும்?

"இரும்புன்னா செவந்து காட்டும்" என்றார் சண்முகையா. "இந்த அலுமினியம் ஒண்ணையும் காட்டாது. சும்மா கெடந்துட்டு பொசுக்குன்னு ஒழுகிரும்."

சில மனிதர்களும் அப்படித்தான், இல்லையா? கோமதியைப் பார்த்தேன். அவர் டிபன் பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.

"இத வச்சுப் பாருங்க" — மருந்து வைக்காத வெறும் தீக்குச்சிகள். "மெழுகுல முக்கறதுக்கு முன்னால சூட்டுத் தகட்டுல குச்சிய வப்போம். சூடு கூடிட்டா பழுப்பாத் தீஞ்சிரும். அத வச்சுத்தான் எங்களுக்குச் சூடு தெரியும்."

சண்முகையா குச்சிகளை வாங்கிக்கொண்டார். சோதித்துப் பார்க்க, தகட்டின் கனத்தில் ஒன்றும் சட்டத்தின் கனத்தில் ஒன்றுமாக இரண்டு துண்டுகளை எடுத்தார். கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்தார். மேல்துண்டில் ஓட்டையை இந்த முறை சற்றுப் பெரிதாகப் போட்டார். அடித்துண்டுக்கு மட்டும் தீயைக் காட்டி, குச்சியால் இழுத்து இழுத்துப் பார்த்தார். நாலாவது இழுப்பில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. அப்புறம்தான் ஓட்டையை அடைத்தார்.

ஆறியதும் உளியைக் கொடுத்து நெம்பினார். மேல்துண்டு கிழிந்தது. பொட்டு அடித்துண்டை விட்டு அசையவில்லை.

"இப்ப பிடிச்சிருக்கு, தாயி" என்றவர், மீதிக் குச்சிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனுக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை ரயில்வே கேட்டில் அதே வேன் எனக்கு முன்னால் நின்றது. வாசல் சீட்டில் கோமதி. கன்னத்தைக் கம்பியில் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நல்ல தூக்கம். கேட் திறந்தும் வேன் நகரவில்லை.

ஹார்ன் அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.