மருந்துக்கு ஒரு மருந்து

இன்று காலை மேச்சேரியில் ஓர் உரக்கடை. எனக்கு முன்னால் நின்ற விவசாயி எலுமிச்சைக் கொழுந்து ஒன்றை நீட்டினார்.

“அசுவினிப் பூச்சிக்குப் பொடி குடுத்தீங்கல்லங்க? அடிச்சேன். இப்பப் பூச்சி மேலெல்லாம் வெள்ளையாப் பூஞ்சாணம் புடிச்சிருக்குது. அதுக்கொரு மருந்து குடுங்க.”

“அந்தப் பொடியே பூஞ்சாணந்தானுங்க. அதுதான் பூச்சியக் கொன்னிருக்குது,” என்றார் கடைக்காரர்.

“செத்தா கீழ உழுவோணுமில்லீங்க?”

“ஒட்டிக்கிட்டேதான் சாகுமுங்க. மிச்சப் பூச்சிக்கும் அதுலிருந்துதான் பரவோணும். பூஞ்சாணக்கொல்லி அடிச்சீங்கன்னா பூச்சி பொழச்சுக்கும்.”

விவசாயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“சரிங்க. எதுக்கும் அந்தப் பூஞ்சாணக்கொல்லி ஒரு பாக்கெட் குடுங்க.”

கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பிழைக்கப்போகிற அசுவினிகள் இந்த இரண்டு பேரில் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.