ஆகாரம் கொடுக்கருது

செவலை செத்துப்போனதைச் சொல்ல என்னை அனுப்பினார்கள். எங்கள் கூட்டத்தில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். கூட்டம் என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், ஆட்டோ ஓட்டும் சேட்டன் ஒருவர், நான். மட்டாஞ்சேரிச் சந்துகளில் அடிபட்டுக் கிடக்கும் நாய் பூனைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம், புழு வைத்த புண்ணைக் கழுவுவோம், ஈன்று ஈன்று எலும்பாய்ப் போன பெட்டைகளுக்குக் கருத்தடை செய்து கொண்டுவந்து விடுவோம். வேறு வேலை இல்லாதவர்கள் என்று ஊர் சொல்லும். மூவருக்கும் வேலை இருந்தது. வேலைக்கு நடுவில் காதுக்குள் ஏதாவது ஒன்று முனகிக்கொண்டும் இருந்தது.

சேட்டன் ஆட்டோவைச் சந்து முனையில் நிறுத்தினார். இறங்கவில்லை. ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டே, "ஞான் வரில்லா. எனிக்கு பற்றில்லா" என்றார். என்னால் மட்டும் முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். பின்சீட்டில் மடித்துப் போட்டிருந்த சாக்கில் செவலையின் முடி இரண்டு ஒட்டியிருந்தது. கேட்காமல் நடந்தேன்.

ஜூ டவுனில் வெள்ளைக்காரர்கள் பித்தளை விளக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைகளின் முதுகுப்புறம் மிளகுக் கிடங்குகள், கிடங்குகளின் முதுகுப்புறம் கறுத்த வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட லைன் வீடுகள். ஒரு அறை, ஒரு கதவு, கதவுக்கு வெளியே அடுப்பு. தேனி, கம்பம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கட்டட வேலை, மீன் சுமை, ஓட்டல் பாத்திரம். முன்னால் ஏலக்காய் வாசனை விற்கிற தெரு, பின்னால் அதே காற்று சாக்கடையில் முங்கி வரும்.

இரண்டாவது வீடு அக்காவுடையது. அவரும் என்னை அக்கா என்றே கூப்பிட்டார். யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கணவருக்குக் கொத்தனார் வேலை. அக்காவுக்குக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. சொத்தையை ஒரு பக்கம், நல்லதை ஒரு பக்கம். அவர் கையைப் பிடித்தால் நம் கையும் அன்று முழுக்கக் காரமாய் மணக்கும்.

கொச்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த புதிதில் மேஸ்திரி, "நாளெ ராவிலெ வரணம்" என்று சொல்ல, அக்கா ராத்திரிச் சாப்பாட்டை முடித்து, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த கிடங்கின் முன்னால் போய் நின்றார். மலையாளத்தில் ராவிலெ என்றால் காலையில். அந்தக் கதையைச் சந்து முழுக்க அவரே சொல்லிச் சிரிப்பார்.

"வாட்ச்மேன் கேக்குறான், சேச்சி எந்தினா வந்நதுன்னு. நானும் ரோசமா, சுக்குப் பொறுக்கன்னேன். இருட்டுல சுக்குப் பொறுக்க வந்த ஒரே பொம்பள இந்தக் கொச்சியில நான்தான்க்கா!"

அதற்குப் பிறகு மலையாளம் தனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். வெள்ளம் என்றால் தண்ணீர், ஊண் என்றால் சாப்பாடு, கழிஞ்ஞு என்றால் முடிந்தது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

செவலை யாருடைய நாயும் இல்லை. கன்றுக்குட்டி நிறம், ஒரு கால் மட்டும் சுண்ணாம்பில் வைத்து எடுத்ததுபோல. அக்காவின் கதவோரம் ஈன்றது. லாரிகள் பின்னோக்கி வருகிற சந்து அது. குட்டிகள் கண் திறந்த வேகத்தில் ஒவ்வொன்றாகச் சக்கரத்துக்குப் போயின. கடைசிக் குட்டி போன அன்று செவலை லாரி நின்ற இடத்தைப் பகல் முழுக்க மோந்துகொண்டிருந்தது என்று அக்கா சொன்னார். அதோடு லைன் வீடுகளின் சொந்தக்காரரும் வந்து, இன்னொரு பிரசவம் இங்கே நடந்தால் நாயைச் சாக்கில் கட்டி வேறெங்காவது விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

லைன் வீடுகளில் ஆபரேஷன் என்றால் பயம். பாவம் ஒட்டும் என்றார்கள், நாய் பைத்தியமாகிவிடும் என்றார்கள். முதலில் சரி என்றவர் அக்காதான். பக்கத்து வீட்டுப் பெண் குழாயடியில் கேட்டாளாம்.

"உம் புருசனுக்குச் சட்ட இல்ல, நாய்க்கு ஆபரேசனா?"

"எம் புருசன் குட்டி போட மாட்டான்ல? அதான் நாய்க்கு."

அக்காவின் நாய் நல்லபடியாக வந்தால் மற்றவர்களும் தருவார்கள். கோடி வீட்டில் மீன் சுமக்கிறவர் செவலைக்கு மறுநாள் தன் நாய் கருப்பியைத் தருவதாகப் பாதி மனசோடு ஒத்துக்கொண்டிருந்தார். செவலை திரும்பி நடந்து வருவதில்தான் அந்தச் சந்தே இருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் நான் பாலக்காட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். வழக்கமாக லைன் வீடுகளுக்குத் தகவல் சொல்வது நான். அன்று டீச்சரே அக்காவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். தமிழும் மலையாளமும் ஒண்ணுதானே என்பார் டீச்சர், கொஞ்சம் நிதானமாய்ச் சொன்னால் போதும் என்பார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த குரல் அது. அவசரப்படவே தெரியாது. பதிலுக்கு அக்கா கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினார்.

காலையில் சேட்டன் போனபோது அக்கா வேலைக்குப் போய்விட்டிருந்தார். சொல்லி வைத்தபடி செவலையைக் கதவுக் கொண்டியில் கட்டியிருந்தார். புது நைலான் கயிறு, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. நான் பாலக்காட்டிலிருந்து வந்து நேராகத் தோப்பும்படியிலிருந்த அந்தச் சிறிய மருத்துவமனைக்குப் போனபோது, கழுத்து அறுபட்ட பூனை ஒன்றுக்காக டீச்சர் வேறெங்கோ ஓடியிருந்தார். சேட்டன் மட்டும் வெளியே நின்றார். ஆகாரம் ஒன்றும் கொடுக்கவில்லையே என்று டாக்டர் கேட்டாராம். இல்லை, டீச்சர் நேற்றே சொல்லிவிட்டார் என்று இவரும் சொன்னாராம். யாரும் பொய் சொல்லவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது கையுறையைக் கழற்ற மறந்திருந்தார். மயக்கத்தில் வாந்தி எடுத்திருக்கிறது. சோறு மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்கள்.

"வயறு நெறச்சு சோறு" என்றார். "ஆரா கொடுத்தது?"

சேட்டன் சுவரைக் குத்தினார். போகிற வருகிற ஏதோ ஒரு தெண்டி மிச்ச பிரியாணியைப் போட்டிருப்பான் என்று கத்தினார். நானும் அதையே நம்பினேன். முகம் தெரியாத ஒருவன்மேல் கோபப்படுவது எவ்வளவு வசதியாக இருந்தது. செவலையின் நெற்றிப் பொட்டு கலையவே இல்லை.

நான் சந்துக்குள் போனபோது அக்கா வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என் பின்னால் பார்த்தார், சந்து முனைவரை பார்த்தார். கயிற்றின் மறுமுனையைத் தேடுகிற பார்வை.

"எங்கக்கா, ஆட்டோலயே இருக்காளா?"

"இல்லக்கா."

"மயக்கம் தெளியலயா?"

"தெளியவே இல்லக்கா."

அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டார். கழுவின முகத்தில் எது கண்ணீர் என்று தெரியவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாய்க்காலில் ஒரு தெர்மோகோல் துண்டு போவதும் திரும்புவதுமாக இருந்தது.  கடைசியில் அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"ஒண்ணுக்கா. பட்டினியாப் போகல. அதுபோதும். எத்தன நாள் குப்பையக் கிண்டுன வயிறு அது. காலைல எந்திரிச்சு சுடச்சுடச் சோறு வடிச்சு, ரெண்டு முட்டை ஒடச்சுப் பெசஞ்சு, வயிறு முட்டக் குடுத்துத்தான் அனுப்புனேன். டீச்சர் சொன்னமாரியே."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"டீச்சர் என்ன சொன்னாங்கக்கா?"

"இருங்க, கேளுங்க. எனக்காகத் தமிழ்லயே சொல்லியிருக்காக." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அமுக்கினார்.

டீச்சரின் குரல். சேச்சி, நாளெ ராவிலெயாணு ஆபரேஷன். ராவிலெ ஆஹாரம் கொடுக்கருது. வெள்ளமும் கொடுக்கருது. கேட்டோ சேச்சி?

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த என் காதுக்கு அது ஒரே ஒரு பொருள்தான் தந்தது. கொடுக்கக் கூடாது. பள்ளிக்கூடச் சுவரில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரிக் கதவில் எத்தனை அருதுகளைப் படித்து வளர்ந்தவள் நான். இன்னொரு முறை அக்கா அமுக்கினார். இந்த முறை அவர் காதால் கேட்டுப் பார்த்தேன். வழக்கமாக விழுங்கிவிடுகிற அந்தக் கடைசி எழுத்தை, தமிழ்க்காரிக்குப் புரியட்டும் என்று டீச்சர் நிறுத்தி, முழுசாக, அன்பாக உச்சரித்திருந்தார். காலையில ஆகாரம் குடுக்கறது. தண்ணியும் குடுக்கறது. எங்கள் வீட்டிலும் செய்ய வேண்டியதை அப்படித்தானே சொல்வோம், ராத்திரி ஊற வைக்கறது, காலைல அரைக்கறது. சோற்றுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு எழுத்து நின்றிருக்கிறது. அதை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் நம்பியிருக்கிறார்கள்.

சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். வயிறு நிறைந்து போனாள் என்ற அந்த ஒன்றுதான் அவர் கையில் மிச்சம். அதையும் பிடுங்கவா வந்தேன். முந்தானையை உதறிக்கொண்டு அக்கா சொன்னார்:

"நாளைக்குக் கோடி வீட்டுக் கருப்பி போகுதுல்ல? அவருகிட்டயும் காலைலயே சொல்லிட்டேன்க்கா. நல்லா வயிறு நெறையக் குடுத்து அனுப்புங்க, ஆபரேசனுக்குத் தெம்பு வேணும்ல."

நாலு கதவு தள்ளி கருப்பி படுத்திருந்தது. வால் மட்டும் மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கொடுக்க வேண்டாம்னு சொல்லணும்க்கா" என்றேன்.

"ஏன், ரூல மாத்திட்டாங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லத்தான் நினைத்தேன். என் முகம் அதற்குள் எதையோ சொல்லிவிட்டிருக்க வேண்டும். அக்கா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ராவிலெ என்ற சொல்லிடம் ஒருமுறை தோற்றவர் அவர்.

"அக்கா. அருதுன்னா?"

"கூடாதுன்னு அர்த்தம்."

போனைக் காதோடு ஒட்டி மறுபடி கேட்டார். மறுபடி. மூன்றாவது தடவை நான் கையைப் பிடித்தேன். முகம் கழுவியும் அந்தக் கையில் சுக்குக் காரம் போகவில்லை.

"மொகத்த மொகத்தப் பாத்துக்கிட்டே தின்னாக்கா. பாதியில போதும்னு தலையத் திருப்புனா. நான்தான் ஊட்டுனேன்."

பிடித்த கையை நான் விடவில்லை. என்ன சொன்னாலும் அது ஒரு மொழியில்தான் இருக்கும்.

போனை மடியில் போட்டுக்கொண்டு, "டீச்சருக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"சொல்லிராதீங்க. அந்தம்மா தாங்காது. எனக்குப் புரியணும்னு எப்படி இழுத்து இழுத்துப் பேசியிருக்கு பாருங்க."

இன்றுவரை டீச்சரிடம் நான் சொல்லவில்லை. லைன் வீடுகளுக்குக் குரல் செய்தி நான்தான் அனுப்புவேன் என்று மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் மலையாளத்தை நம்பவில்லையா என்று அவர் சிரித்தார். பொறாமை டீச்சர், என்று நானும் சிரித்தேன்.

அன்று அக்கா எழுந்து, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு, கோடி வீட்டைப் பார்த்து நடந்தார். நானும் போனேன். மீன் சுமக்கிறவர் அப்போதுதான் குளித்துவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாளைக்குக் கருப்பிக்கு ஒண்ணும் குடுக்காதீங்க."

"அட, காலைலதான வயிறு நெறையக் குடுன்ன?"

"இப்ப வேணாங்கறேன்."

"ஒரு வாய் பாலு?"

"தண்ணிகூட வேணாம்."

செவலை போனது தெரியாத அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல ஆளு தாயி நீ. என் நாயப் பட்டினி போடச் சொல்ற, உன் நாய்க்கு மட்டும் முட்டையும் சோறுமா ஊட்டுன. சந்தே பாத்துச்சு."

"ஆமாண்ணே, ஊட்டுனேன்" என்றார் அக்கா. கருப்பி எழுந்து வந்து அவர் கையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "அதனாலதான் சொல்றேன்."