தேய்த்து வெளுத்த வெள்ளி ரூபாய்கள்

கணபதி வரப்போகிறார் என்றால் புனேயில் எங்கள் ஹடப்சர் குடியிருப்பில் மாடிக்கு மாடி வெள்ளிச் சாமான் துலக்கும் நெடி கிளம்பிவிடும். நேற்று, நான் வஹினி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு மராத்திக்காரி வாசலில் செய்தித்தாளை விரித்து, ரோஸ் நிறத் திரவத்தைப் பஞ்சில் தொட்டு விளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உங்களுடையதையும் கொடுங்கள், சேர்த்தே பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்றாள் இந்தியில். நான் வேண்டாம் என்று சொன்ன குரலில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? என் வீட்டு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்துப்போய்க் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் என்னைச் சோம்பேறி என்று நினைப்பார்கள். அது உண்மையும்தான். ஆனால் சிமிழ் விஷயத்தில் காரணம் வேறு.

அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் எழுத்தர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேக்கு மாற்றலாகி வந்தவர், விஷ்ராந்த்வாடியில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார் மட்டும் உண்டு. பழைய பூட்டு, உடைந்த ரேடியோ, பட்டாளத்து பூட்ஸ் எல்லாம் தரையில் பரப்பியிருக்கும் அந்தச் சந்தையில் குந்தி உட்கார்ந்து, ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் தேடுவார். கூடப் போகும் எனக்கு ஒரு வடாபாவ் லஞ்சம்.

பளபளக்கிற காசை அவர் வாங்கமாட்டார். "குளிப்பாட்டிட்டான் பாரு" என்று கீழே வைத்துவிடுவார். அவருக்கு வேண்டியது நிறம் ஏறிய காசு. யார் வீட்டிலோ காகிதப் பொட்டலத்திலும் மரப்பெட்டியிலும் எத்தனையோ மழைக்காலம் கிடந்த வெள்ளி, தானாகவே நிறம் மாறியிருக்கும். விளிம்பில் தேன் மஞ்சள், உள்ளே போகப்போகச் செம்பு, ஊதா, ராஜாவின் கன்னத்தருகே மயில் கழுத்து நீலம். சின்ன வயதில் அதைக் காசுக்கு வந்த தோல்நோய் என்று நினைத்து, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேன். அப்பா சிரித்துவிட்டுச் சொல்வார்: "வருஷம் ஆக ஆக இதுக்குத்தான் மதிப்பு. ஒரு தடவ தேய்ச்சா போச்சு. அப்புறம் அது வெறும் வெள்ளி." வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குத் துலக்கும் அம்மாவுக்குக் கை நமநமவென்று இருந்திருக்கும். ஆனாலும் சாகும்வரை அந்தக் காசுகளை அவள் தொடவில்லை.

அம்மா போன பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சு குழறியது. அக்காவும் அத்தானும் அவரோடு வந்து இருந்தார்கள். அத்தானைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எதையும் சும்மா இருக்கவிடத் தெரியாதவர், அவ்வளவுதான். அப்பாவின் பிறந்தநாளன்று காலை முழுக்க உட்கார்ந்து, புளியும் பாலிஷ் பவுடரும் போட்டு எல்லாக் காசையும் தேய்த்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது எவர்சில்வர் தட்டில் பரப்பி அப்பா முன்னால் நீட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் புது ஸ்பூன் மாதிரி மின்னின.

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இது... யாரோடது?"

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. அக்காவைத் தனியே அழைத்து, "மாமாவுக்கு ஞாபகம் போயிட்டு. உசுரா வச்சிருந்த காசே தெரியல" என்றார். ஞாபகம் எங்கும் போகவில்லை, நீங்கள்தான் காசின் முகத்தையே தேய்த்து எடுத்துவிட்டீர்கள், அவருக்கு எப்படித் தெரியும் என்று கத்தினேன். ராஜா தலை அப்படியேதானே இருக்கிறது என்றார் அத்தான். தலை இருந்தது, வாஸ்தவம்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்பாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. டிவியில் என்ன வைக்க, காப்பியா டீயா என்றுகூட இல்லை. அவர் இருக்கும்போதே அவரைத் தாண்டிப் பேசினார்கள். பில்டர் ஒருவன் அந்த வீட்டை விலைக்குக் கேட்டு ரொம்ப நாளாக வந்துகொண்டிருந்தான். அப்பா ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பியிருந்தார். இப்போது அவர் கட்டைவிரலைப் பிடித்து, மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைத்து எடுத்தார்கள். எனக்கு விஷயம் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞாபகம் இல்லாதவரின் கைநாட்டு மட்டும் செல்லும்போலிருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்தபோது அப்பா ஒரு காசு தந்திருந்தார். காகித உறையோடு அதை எடுத்துப் போய் அவருடைய இடது கையில் வைத்தேன். விரல் காசின் முகத்தில் படாமல் விளிம்பைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் நீலம் எழுந்து வந்தது.

"ஈரம் படாம வச்சிருக்கியா?" என்றார். குழறல்தான், ஆனால் ஒரு சொல்லும் தப்பவில்லை. பூட்ஸ் விற்கிறவனிடம் வாங்கியது, அன்றைக்கு நல்ல மழை, நீ வடாபாவைக் கீழே போட்டுவிட்டு அழுதாய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கே மறந்துபோனதெல்லாம் அவருக்கு இருந்தது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "மத்ததெல்லாம் எங்கட்டி?"

நான் சொன்னேன். அன்று தட்டில் பார்த்தீர்களே, அவைதான் அப்பா என்றேன். அவர் காசை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னபோது அவள் அழுதாள். அத்தான் அழவில்லை. "ஒண்ணு ஞாபகம் வந்தா எல்லாம் வந்துட்டுன்னு ஆயிருமா? பத்திரம் முடிஞ்சாச்சு" என்றார்.

வாடகை ஃப்ளாட் ஒன்றில், பழக்கமில்லாத சுவரைப் பார்த்தபடி அப்பா போய்ச் சேர்ந்தார். பிற்பாடு அத்தான் காசுகளை ஒரு வியாபாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். அவன் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் கியா ஹை", தேய்த்த காசு என்று மொத்தத்தையும் வெறும் வெள்ளி எடைக்குத் தராசில் கொட்டிவிட்டானாம். அதே வருஷத்துக் காசு, நிறம் கலையாதது, அவன் கடையில் தனியே கண்ணாடிக்குள் இருந்ததாம். விலையைக் கேட்டு அத்தான் அசந்துபோனார். யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

விஷ்ராந்த்வாடி வீடு இருந்த இடத்தில் இப்போது உயரமான ஒரு கட்டடம். அதைப்பற்றி நான் அதிகம் நினைப்பதில்லை. போன மாதம் அக்கா மகன் கல்யாணத்தில், பந்தியில் ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "மாமாவுக்குக் கடைசில ஒண்ணுமே ஞாபகம் இல்ல. அவரு சேத்த காசையே யாரோடதுன்னு கேட்டாரு." கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். இல்லை என்று நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அக்கா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்பாவோடு பழகியவர்கள் அங்கே ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.