செல்லப்பாவின் பெயர்ப்பலகை

செல்லப்பாவிடமிருந்து அவன் பெயரை நான் பறித்தேன். சட்டப்படிதான் பறித்தேன், அதனால் தப்பு சின்னதாகிவிடாது.

திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் வந்து அரை ஆயுள் ஆகிவிட்டது. இங்கே ஓட்டலில் உட்கார்ந்ததும் பதிமுகப் பட்டை போட்டு இளஞ்சிவப்பாக வெந்நீர் வைக்கிறார்களே, அது எனக்கு இன்னும் பழகவில்லை. கிழக்கேகோட்டையில் நானும் என் ஊர்க்காரன் செல்லப்பாவும் நடத்திய 'செல்லப்பா மெஸ்'ஸில் பானைத் தண்ணீர்தான். சமையல் அவன், நிர்வாகம் நான்.

அந்த நாளில் அமெரிக்காவின் பழைய சாப்பாட்டுக் கடைத்தொடர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அவற்றை நடத்தியவர்கள்மேல் இன்றும் எனக்கு மதிப்புத்தான். ஊர் தெரியாத நெடுஞ்சாலையில் ஒருவன் பசியோடு காரில் போகிறான். தூரத்தில் அப்படியொரு தொடரின் அடையாளமான ஆரஞ்சு நிறக் கூரை தெரிகிறது. உள்ளே என்ன ருசி, எவ்வளவு சுத்தம் என்று படியேறுமுன்பே அவனுக்குத் தெரியும். அந்நிய இடத்தில் ஒரு பெயர் அவனுக்கு உறவாகிவிடுகிறது. பிழைக்க வந்த என் போன்றவனுக்கு இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எது?

கழக்கூட்டத்தில் ஐ.டி. பிள்ளைகளுக்காக இரண்டாவது கடை திறந்தேன். பெயரை டிரேட் மார்க்காகப் பதிந்தபோது உரிமையாளர் என்று என்னை மட்டும் எழுதினேன். மாவை ஒரே இடத்தில் அரைத்து வேனில் அனுப்பலாம் என்றேன்.

"வேன்ல போற மாவுக்கு உம்ம பேரைப் போடும் வே" என்று விலகிய செல்லப்பா, வலியசாலையில் தன் பெயரிலேயே கடை போட்டான். நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். சில நாளில் அவன் பலகையில் வெறும் வெள்ளைப் பெயிண்ட்.

போன வருஷம் மகனைப் பார்க்க அமெரிக்கா போனேன். வழியில் அதே ஆரஞ்சுக் கூரை. உள்ளே மெத்தைக் கடை. முன்பு இங்கே என்ன சாப்பாடு கிடைத்தது என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன். எனக்குப் பசி என்று நினைத்துப் பிஸ்கட் நீட்டினாள். காரில் மகன் ஒரு கதை சொன்னான். சகோதரர் இருவர் தொடங்கிய கடை உலகமெல்லாம் பரவியது. ஆனால் பெயரையும் சேர்த்து விற்றுவிட்டதால், தங்கள் முதல் கடையிலிருந்தே அதை இறக்க வேண்டியதாயிற்று. அவர்களாவது விற்றார்கள். செல்லப்பா விற்கவே இல்லை.

திரும்பியதும் பெயரின் உரிமையைச் செல்லப்பாவுக்கு மாற்றினேன். கிழக்கேகோட்டையிலும் கழக்கூட்டத்திலும் பலகைகளை இறக்கினேன். அவன் பெயர் எழுதிய புதுப் பலகையோடு வலியசாலைக்கு ஆட்டோ ஏறினேன்.

"பேரில்லாக் கடையல்லே சாரே? தோசைக்கு வரிசை நிக்கணும்" என்றார் மலையாளி ஆட்டோக்காரர்.

செல்லப்பா கையைத் துடைத்துக்கொண்டு பலகையை வாங்கினான்.

"இங்க மலையாளி நம்மளப் பாண்டிங்கான். ஊருக்குப் போனா மலையாளத்தாங்கான். ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட அப்பா வச்ச பேரு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் எடுத்துட்டீங்களே, சார்."

சார். 'வே' போட்டவன் வாயிலிருந்து அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

"தப்புத்தான் செல்லப்பா. இப்ப மாட்டு."

"மாட்டலாம். உங்க கழக்கூட்டத்துச் சாம்பாரைக் குடிச்சவன் இந்தப் பேரைப் பாத்தா உள்ள வருவானா?"

தோசை பரிமாறிக்கொண்டிருந்த சப்ளையர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

ஆனாலும் பலகையை அவன் திருப்பித் தரவில்லை. இப்போது நானும் மற்றவர்களோடு வரிசையில் நின்று சாப்பிட்டு வருகிறேன். தெருவைப் பார்த்து அதே வெள்ளைப் பலகை. உள்ளே, அடுப்புக்கு மேலே, அவன் கண்ணுக்கு மட்டும் படுகிற சுவரில், அவன் பெயர் புகையேறிக் கொண்டிருக்கிறது.