மேனேஜர் தனிக்குடித்தனம் போகிறார்

குழாயைத் திறந்ததும் முதலில் தன் மணிக்கட்டில் தண்ணீரை விட்டுப் பார்க்கிறார். அடுத்து என் நெற்றியில் ஒரு துளி. "சூடா இருக்கா?" இல்லை என்கிறேன். "பொய் சொல்லக் கூடாது." சத்தியமாக இல்லை என்ற பிறகுதான் தலை நனைகிறது. நடுவில் வாயைத் திறந்தால் தண்ணீர் நின்றுவிடும்.

எங்கள் பகுதி அழகு நிலையத்தில் தலை அலசிவிடுவதும், துண்டுகளைத் துவைத்து மடிப்பதும் அவர் வேலை. முப்பத்து மூன்று வயதுப் பெண். எல்லோரும் 'மேனேஜர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். சீப்பை இடம் மாற்றி வைத்தால் கடைக்காரம்மாவுக்கும் திட்டு விழும். "இந்தக் கடை என்னோடதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க" என்று அந்த அம்மாள் அலுத்துக்கொள்வார்.

மேனேஜருக்கு டவுன் சிண்ட்ரோம். உடம்பின் உயிரணுக்களில் நமக்கு நாற்பத்தாறு குரோமோசோம்கள் என்றால் அவருக்கு ஒன்று கூடுதல். "உங்களுக்கு நாப்பத்தாறு. எனக்கு நாப்பத்தேழு" என்பார், ஷாம்பு வாங்கியவருக்குச் சீப்பு இலவசமாகக் கிடைத்த தோரணையில்.

அவர் பிறந்தபோது, குழந்தை இருபது வயதைத் தாண்டாது என்று யாரோ அவருடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள். சொந்தபந்தம் காரணம் தேடக் கிளம்பியது. காலம் போன காலத்தில் பெற்றால் இப்படித்தான் என்றார் ஓர் அத்தை. அம்மாவுக்கு அப்போது இருபத்து நான்கு. வயிற்றில் இருக்கும்போது கண்டதைத் தின்றிருப்பாள் என்றார் இன்னொருவர். இது யார் செய்த தப்பாலும் வருவதில்லை என்று குழந்தையின் இதய ஓட்டையை அடைத்த டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார். அன்றைக்குத்தான் அம்மா நிம்மதியாகத் தூங்கினாராம். நடை, பேச்சு, எழுத்து எல்லாம் தாமதமாக வந்தன, ஆனால் வந்தன. பேச்சு இன்றும் கொஞ்சம் குழறும். பொறுமையாகக் கேட்டால் புரியும்.

இப்படிப்பட்டவர்கள் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள் என்று நம்புகிறவர்கள் மேனேஜரிடம் தலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒருநாள் ஒரு பெண்மணி, தலை நிறைய நுரையோடு, கடைக்காரம்மாவிடம் உருகினார்: "பாவம், குழந்தை மனசு. இவங்களுக்கெல்லாம் கோவமே வராதாமே?" குழாய் நின்றது. "நான் இங்கதான் இருக்கேன். என்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேனேஜர் வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். நுரையோடு ஆளை விட்டுவிட்டு வரலாமா என்று கடைக்காரம்மா கடிந்துகொண்டார். அது நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும். எழுந்து போய் மிச்சத்தை அலசிவிட்டு, "கோவம் வந்துச்சு. இப்ப இல்ல" என்று அந்தப் பெண்மணிக்குத் தகவல் சொன்னார்.

அப்பா ஓய்வுபெற்றதும், வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று பெற்றோர் முடிவு செய்தார்கள். சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்டன. மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தன் துணிகளைக் கட்டிய பெட்டியை அவரே பிரித்துத் திரும்ப அலமாரியில் அடுக்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. அவர் வரப்போவதில்லை. கடையில் முடி வெட்டும் பெண் தங்கியிருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. இருவரும் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள்.

அம்மா அழுதார். அண்ணன் போனில் அதட்டினான். பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் பஞ்சாயத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"நீ அடுப்பை அணைக்க மறந்துட்டா என்னடி பண்ணுவே?"

"நேத்து நீதாம்மா மறந்தே. நான்தான் அணைச்சேன்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். சிரிப்பை மறைக்கத்தான். முன்னதாகவே அவர் மனம் கரைந்திருந்தது. "நம்ம காலத்துக்கு அப்புறம் என்ன ஆகும்னு எத்தனை வருஷமா பயந்தோம்" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "நாம இருக்கும்போதே பழகட்டுமே." ஒரு மாதம் பார்ப்பது என்று ஒப்பந்தமாகி, பெற்றோர் மட்டும் அண்ணன் ஊருக்குக் கிளம்பினார்கள்.

முதல் வாரம் சுமார்தான். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டார். சோறு அடிப்பிடித்தது. ஒருநாள் அம்மாவோடு போனில் பேசும்போது அழுகை வந்துவிட்டது. ஆனால் வந்து கூட்டிப் போ என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாள் காலை தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போனார். முடி வெட்டும் பெண்ணிடம்தான் சண்டை ஓயவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடுகிறாளாம்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மாதம் முடியுமுன்பே, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். மேனேஜர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அம்மா முழுவதும் குடித்தார். பாத்திரம் கழுவ எழுந்தவரை, "விருந்தாளி உக்காருங்க" என்று சொல்லி உட்காரவைத்தார் மகள்.

மாலையில் பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அம்மாவின் பேச்சு நிற்கவில்லை. மாத்திரை, கதவு, மழை வந்தால் குடை, ராத்திரி தவறாமல் போன். மேனேஜர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஜன்னல் வழியே கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அம்மா மறுபடியும் கதவிலிருந்து ஆரம்பித்தார். மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்து, தேர்ந்த கண்டக்டரைப் போலப் பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் பலமாக இரண்டு தட்டுத் தட்டினார். பஸ் கிளம்பியது.